கல்லடிக் கடற்கரைப் பூனைகளுக்குக் கருத்தடை: நன்கொடை வேண்டுகோள்

கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா ஊரவர்களுக்கும், காத்தான்குடிச் சகோதரர்களுக்கும், புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகளுக்கும் வணக்கம்.

கரைவலை இழுத்து மீன் பிரிக்கிற நேரத்தில் கடற்கரைக்குப் போனவர்களுக்கு நாங்கள் எந்தப் பூனைகளைச் சொல்கிறோம் என்று விளங்கும். வாடிகளுக்குப் பின்னாலிருந்து வந்து, கழித்துப் போடும் சூடைக்கும் குடலுக்கும் காத்து நிற்பவை. சில, வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்தவை. காலில் வந்து உரசும். மற்றவை பிறந்ததிலிருந்து மனிதக் கை படாதவை. ஓரடி எடுத்து வைத்தால் தோணிக்கு அடியில் மறைந்துவிடும். இரண்டு வகையும் பெருகிவிட்டன. இவற்றைப் பிடித்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதற்குத்தான் இந்த நிதி.

பெருகியதற்கு மீன் மட்டும் காரணமல்ல. இருட்டினபிறகு உரப்பையில் குட்டிகளைக் கட்டிக் கொண்டுவந்து, "இங்கே மீன் கிடக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று விட்டுப்போகிறவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். புண்ணியம் செய்ததாகவும் நினைப்பு. பால்குடி மறக்காத குட்டிக்கு மீன் முள்ளை என்ன செய்யத் தெரியும்? விடிந்தால் காகம், இல்லாவிட்டால் நாய்.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு நாளும் சோற்றில் மீன் பிசைந்து கொண்டுவந்து வைக்கிற அம்மாமார். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, இந்தக் குழுவில் பாதிப்பேர் அவர்கள்தான். ஆனால் பெட்டைப் பூனை நாலு, ஐந்து மாதத்திலேயே சினைப்படும். இரண்டு மாதத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். தீனி நன்றாகக் கிடைத்தால் குட்டிகளும் கூடும். அவற்றில் பல, கண்ணில் பீளை கட்டி, சளியும் வயிற்றோட்டமுமாகச் செத்துப்போகும். ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான்: தீனி வைக்கிறவருக்கு நாளைக்குப் பிறக்கப்போகும் குட்டிகளிலும் பொறுப்பு உண்டு. கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் போடுவது அரைவாசிக் கருணை.

"எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விடுங்களேன்" என்று சொல்பவர்கள் அதிகம். பூனை தன் இடத்தைத் தேடித் திரும்பி வரப் பார்க்கும், பிரதான வீதியில் அடிபடும். மீன் கிடக்கும் வரைக்கும் அது விட்டுப்போன இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும். வாடிக்காரரும் பூனை அடியோடு இல்லாமல் போவதை விரும்பவில்லை. எலி வலையைக் கடித்தால் என்ன நட்டம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நஞ்சு வைப்பது பற்றி நாங்கள் விவாதிக்கவே தயாரில்லை. மிருகத்துக்குத் தேவையில்லாத வேதனை கொடுப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படியே குற்றம்.

காப்பகம் கட்டலாமே என்றும் கேட்டார்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழ் பூனைகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கு வந்த காய்ச்சல் எல்லாவற்றுக்கும் வரும். மனிதரைக் கண்டால் நடுங்குகிற பூனைக்குக் கூடு சிறைதான். பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி கொடுக்காமல், அதைத் தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை எங்கள் குழுவிலுள்ள காத்தான்குடி நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அதில் அடைத்து வைத்ததும் குற்றத்தில் பாதி என்பது அவருடைய வாதம். அதற்குமேல் காப்பகப் பேச்சு எழவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. பூனை வேட்டைக்காரன். அணில், ஓணான், குருவிக் குஞ்சு எதையும் விடாது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனம் 1890களில் அழிந்துபோனதில் பூனைகளுக்குப் பெரும் பங்கு. அதனால் வாவிக்கரைக் கண்டல் பக்கம் எங்கும் தீனி வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். வைக்கிறவர்களைக் கண்டாலும் தன்மையாகச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் அதிக நேரம் போனது வேறொரு கேள்விக்கு. வயிற்றில் குட்டியோடு பிடிபட்டால் என்ன செய்வது? அப்போதே சத்திரசிகிச்சை செய்துவிடுவதுதான் பல நாடுகளில் வழக்கம், செலவும் மிச்சம். எங்களில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவு சினையாக இருந்தால் விட்டுவிட்டு, குட்டிகள் பால் மறந்தபிறகு தாயைப் பிடிப்பது, குட்டிகளுக்கு வீடு தேடுவது என்று தீர்மானித்தோம். இதை ஏற்காதவர்களும் குழுவில் இருக்கிறார்கள், இருந்தும் வேலை செய்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இப்படி. பின்னேரம் கம்பிக்கூட்டின் கடைசியில், மிதிதட்டுக்கு அப்பால், டின் மீன் கொஞ்சம் வைப்போம். பூனை தட்டில் கால் வைத்ததும் கதவு விழும். உடனே பழைய சாரனால் கூட்டை மூடிவிட வேண்டும். இருட்டானால் மோதுவதை நிறுத்திவிடும். முலை பார்த்து, பால் கொடுக்கிற தாயென்றால் அங்கேயே திறந்து விடுவோம். மற்றவை மறுநாள் மிருக வைத்தியரிடம் போகும். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை நேராகக் கொஞ்சம் வெட்டிவிடுவார். காது வெட்டிய பூனையைக் கண்டால் அது முடிந்த பூனை, இன்னொரு முறை பிடிக்க வேண்டியதில்லை. நோவுக்கென்று யாரும் பரசிற்றமோல் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. பிடிக்கப் போய்க் கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனிதருக்கே வழியில்லாதபோது பூனைக்கா என்று கேட்பவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை. உங்கள் பணம் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போவதென்றால் அங்கேயே கொடுங்கள். அதற்கு மேலும் கை நீளுமென்றால் எங்களை நினையுங்கள்.

பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் கடுவனை விடச் செலவு கூட. ஒரேயொரு கடுவன் மிஞ்சினாலும் எல்லாப் பெட்டையும் சினைப்படும் என்பதால் முதல் பணம் பெட்டைகளுக்கே. சத்திரசிகிச்சைக் கட்டணம், மருந்து, தடுப்பூசி, கூடுகள், ஆட்டோக் கூலி, இவ்வளவும்தான் செலவு. குழுவினர் யாருக்கும் கொடுப்பனவு இல்லை. ஒரு பெட்டையின் முழுச் செலவையும் ஒருவரே ஏற்கலாம், அல்லது முடிந்ததைத் தரலாம். தருகிற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு; கணக்கு மாதம் ஒருமுறை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் ஊரிலுள்ள உங்கள் உறவினர் மூலம் பொருளாளரிடம் வங்கி விபரம் பெற்றுக்கொள்ளுங்கள்.

பணமில்லாதவர்கள் பழைய சாரன், பத்திரிகைத் தாள் தரலாம். சத்திரசிகிச்சை முடிந்த பெட்டையை ஓரிரு இரவு வைத்திருக்க நாயில்லாத, கதவு பூட்டக்கூடிய அறை ஒன்று கிடைத்தால் அது பணத்தை விடப் பெரிய உதவி. மிஞ்சுகிற நிதி கடுவன்களுக்குச் செலவாகும்.

இப்படிக்கு,
பூனைப் பராமரிப்புக் குழுவினர்,
கல்லடி, மட்டக்களப்பு.