முற்றவெளி இல்லாத கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

உன்ர கதைக்கெண்டு நீ கீறி அனுப்பின கோட்டை நகரம் நல்ல வடிவு. ஆனால் பகைவன் பிடிச்சு வைச்சிருக்கிற ஊர் மாதிரித் தெரியேல்லை. கொத்தளத்தோட ஒட்டிக் கடைத்தெருவும் வீடுகளும் நிக்குது. பிடிச்சவனுக்கு வெளியில வாற படையைவிட ஊர்ச்சனத்தில பயம் கூட. பீரங்கிக்கும் ஊருக்கும் நடுவில வேலி, மரம் ஒண்டும் விடமாட்டான். எங்கட யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால வெறும் வெளியாய்க் கிடக்கிற முற்றவெளியை நினைச்சுப் பார்.

கதையில வெடிமருந்து வாறபடியால் வட்டக் கோபுரமும் சரிவராது. அதின்ர அடியில பக்கத்துக் கோபுரத்துக் குண்டு படாத மூலை ஒண்டு மிஞ்சும். அதுக்குள்ள நிண்டு மதிலைத் தோண்டலாம். இங்க போர்த்துக்கீசரின்ர நாற்கோணக் கோட்டையை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658இல பிடிச்சு, பிறகு ஐங்கோணமாக்கினவை. அம்புமுனை போல நீட்டின கொத்தளம் ஒவ்வொண்டும் பக்கத்துக் கொத்தளத்தின்ர முகத்தைக் காக்கும். மதிலுக்கு உயரத்தைக் குறைச்சுத் தடிப்பைக் கூட்டு.

தண்ணிக் கணக்கையும் நீ விட்டிட்டாய். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லீற்றர் எண்டால், குதிரைக்கு 30 வேணும். 300 குதிரையோட வாற படை 1,800 பேரின்ர தண்ணியைக் குடிச்சுப் போடும். எங்கட மாதிரிச் சுண்ணக்கல் நிலமெண்டால் நிலைமை இன்னும் மோசம்: மழைத்தண்ணி கீழ இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது, அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவர் ஏறும். முற்றுகை வேண்டாம், கிணறே சனத்தையும் படையையும் சண்டைக்கு விடும். சாப்பாட்டையும் பார்: ஊரில 10,000 பேரெண்டால் ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் படி 4,000 கிலோ அரிசி. வண்டிக்கு 500 கிலோ ஏத்தினால் 8 வண்டி. வாசல் மூண்டு நாள் பூட்டினால் 24 வண்டி நிலுவை. விறகு அரிசிக்கு முந்தி முடியும்; பனைமட்டை, ஊமல் (காய்ஞ்ச பனங்கொட்டை) தீரக் கதவு நிலைதான் அடுப்புக்குப் போகும்.

இன்னொண்டு, உன்ர பகைவனிட்டக் காவலாளி கனபேர், கணக்கப்பிள்ளை ஒருத்தனுமில்லை. ஆரின்ர காணி எது, ஆர் ஊழியத்துக்கு (கட்டாய வேலைக்கு) வரவேணும் எண்டு எழுதி வைக்கிற தோம்பு எண்ட பதிவேடு இல்லாமல் வரி வராது, வரியில்லாமல் படைக்குச் சம்பளமில்லை. ஒல்லாந்தர் எங்கட ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுதுவிச்சு, 12 முதலிமாரை (ஊர்ப் பெரியவங்களை) கொண்டு சரிபார்ப்பிச்சு 1707இல சட்டமாக்கினது எங்களில உள்ள பட்சத்தாலயில்லை. அந்தத் தோம்பை எழுதுற உள்ளூர்க்காரன் ஒரு பேரை விட்டெழுதினால் என்ன நடக்கும்? உன்ர கதைக்கு வாளைவிட அவன் உதவுவான்.

கிணறுகளைக் குறிச்சு, படத்தைத் திரும்ப அனுப்பு.

அன்புடன்,
அப்பா