ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்த ஐயாவுக்கு

நேற்று இரவு கடைசிக் கணினியிலும் எங்கள் இன்ஸ்டாலர் (மென்பொருளை நிறுவித் தரும் நிரல்) ஓடிவிட்டது. இன்னும் சரியாகத் தூங்கவில்லை, ஆனாலும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

தைவானில் தைச்சுங் ஆலையின் விண்டோஸ் 98 கணினிகள் சிலவற்றில் மட்டும் அது ஓடாமல் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து விடிய விடிய பில்டு (திருத்திக் கட்டிய மென்பொருள்) அனுப்பிய தம்பிகள், விண்டோஸ் 98 சீனப் பதிப்பின் சிடியைத் தேடி எடுத்துத் தந்த தோழி, வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஐயா, உங்களைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்றுப் போனவர் நீங்கள். யாரோ சொன்னார்கள் என்று கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் வந்தீர்கள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இன்ஸ்டாலர் ஓடாத ஃபோல்டரின் பெயரைப் பார்த்ததும் பையிலிருந்த கடை ரசீதைத் திருப்பி, பென்சிலால் மூன்று சீன எழுத்து எழுதினீர்கள்: ஷூ, கோங், கை. அடியில் கணினிக்குள் அவற்றுக்கான குறியீடுகள்: பி3 5சி, ஏ5 5சி, பிபி 5சி. மூன்று 5சி-யையும் வட்டமிட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

பிக்5 என்ற சீன எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு சீன எழுத்துக்கு இரண்டு பைட். இந்த மூன்றிலும் இரண்டாவது பைட் 5சி. ஃபோல்டர்களைப் பிரிக்க விண்டோஸ் போடும் சாய்கோட்டின் (\) குறியீடும் அதே 5சி-தான். யூனிகோடு இன்ஸ்டாலர் 98-இல் ஓடாது என்பதால் எழுத்துகளை அந்தந்த ஊர்க் குறியீட்டிலேயே படிக்கும் பழைய ஆன்சி முறையில் கட்டியிருந்தோம். அதில் நான் எழுதிய டிஎல்எல் (துணை நிரல்) பைட் பைட்டாகப் படித்து, ஃபோல்டர் பெயரிலிருந்த 'கோங்' என்ற எழுத்தின் 5சி-யைச் சாய்கோடு என்று எண்ணி, எழுத்தை நடுவில் வெட்டிவிட்டது. ஃபோல்டர் பெயரில் அந்த எழுத்து இல்லாத கணினிகளில் ஒழுங்காக ஓடியதற்கும் அதுதான் காரணம். அடுத்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் விண்டோஸின் சார்நெக்ஸ்ட் ஃபங்ஷனைப் போட்டு, முழு எழுத்தாக நகர வைத்தோம். நான்கு வரி மாற்றம், அவ்வளவுதான்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதம் அடுத்தவர் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்த காலத்தில் வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட நானே இன்னொருவர் மொழியில் சோதித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேனே என்பது மனத்தை உறுத்துகிறது. இனி எங்கள் இன்ஸ்டாலர் எதுவும், அந்த மூன்றெழுத்துப் பெயர் வைத்த ஃபோல்டரில் ஓடிக்காட்டாமல் வெளியே போகாது.

அப்புறம் ஐயா, அந்த ரசீது என்னிடம்தான் இருக்கிறது. தைவானில் கடை ரசீதுக்கும் குலுக்கல் பரிசு உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. 25-ஆம் தேதி எண்ணைப் பார்க்கிறேன். விழுந்தாலும் விழாவிட்டாலும் வீட்டுக்கு வந்து கையில் கொடுக்கிறேன்.