பாராசூக்கஸ் முதலையின் முப்பாட்டன் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில் தெலங்கானாவின் மலேரிப் பாறையடுக்கில் கிடைத்த புதைபடிவங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். இதைப் பற்றியெல்லாம் தமிழில் எழுதுவதே பெரிய விஷயம். ஆனால் பாராசூக்கஸ் ஹிஸ்லோபி என்ற பழங்கால விலங்கை ‘இன்றைய முதலையின் முப்பாட்டன்’ என்று எழுதி, படத்திலும் மூக்குத்துளைகளைத் தாடை நுனியில் வரைந்திருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

அது ஃபைட்டோசார் என்ற, அழிந்துபோன கூட்டத்தைச் சேர்ந்த ஊர்வன. நீண்ட மூஞ்சி, கூரிய பற்கள், முதுகில் எலும்புத் தகடுகள் எல்லாம் முதலை போலத்தான். மூக்கைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலைக்கு மூக்குத்துளை தாடை நுனியில் இருக்கிறது. காற்று அங்கிருந்து எலும்பு அண்ணத்தின் மேலாகத் தொண்டைக்குப் போகிறது. பாராசூக்கஸுக்குத் துளைகள் நுனியிலிருந்து வெகுவாகப் பின்தள்ளி, கண்களை நெருங்கி, மண்டையின் மேற்புறத்தில் இருக்கின்றன. பிந்தைய ஃபைட்டோசார்களில் அவை இன்னும் பின்னே போய்விட்டன. பாராசூக்கஸைத் தொன்மையான கிளையில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலை வழியின் உண்மையான முன்னோர்கள் டிரையாசிக் காலத்தில் தரையில் ஓடித் திரிந்த ஒல்லியான சிறு விலங்குகள். ஃபைட்டோசார்களோ அக்காலத்தின் முடிவில், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், வாரிசின்றி அழிந்தன. அவை முதலைக் கிளையின் அடியில் சேருமா, முதலை வழியும் பறவை வழியும் பிரியும் முன்பே விலகியவையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தூரத்துப் பங்காளிதான்.

பெயர் வந்த கதையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1885-ல் ஆங்கிலேயத் தொல்லுயிர் ஆய்வாளர் லைடெக்கர் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை துண்டுகள். அவற்றில் மண்டையோட்டின் அடிப்பகுதி ஒன்று ராய்ன்கோசார் என்ற, தாவரம் தின்னும் வேறொரு ஊர்வனவுடையது! மிஞ்சிய மூஞ்சித் துண்டை வைத்து எந்த ஃபைட்டோசார் என்று சொல்ல முடியாது. அதனால் பெயரே செல்லாது என்று 1991-ல் வாதம் எழுந்தது. 1978-ல் தொல்லுயிர் ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜி விவரித்த மலேரி எலும்புக்கூடுகளில் ஒன்றைப் புதிய வகைமாதிரியாக (பெயருக்கு அடையாளமாக நிற்கும் மாதிரியாக) ஏற்று, விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் 2003-ல் பெயரைக் காப்பாற்றியது. அந்த எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருக்கிறது. (ஆம், புள்ளியியல்தான், அங்கே நிலவியல் பிரிவும் உண்டு.) 2016-ல் ஜெர்மனி, அமெரிக்கா நாடுகளில் கிடைத்த, பேலியோரைனஸ் என்று அழைக்கப்பட்ட ஃபைட்டோசார் சிற்றினங்களும் பாராசூக்கஸ் பேரினத்துக்குள் வந்தன. முந்தி வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி, முந்தியது இதுதானே!

திருத்திய படம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது வயிற்றுக்குள் ஒரு மலேரிசாரஸையும் வரையச் சொல்லுங்கள். இரண்டு பாராசூக்கஸ் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் அந்தச் சிறிய ஊர்வனவின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருச்சி.