ஒரே ஆள், நான்கு பெயர்

அன்பு நண்பா,

நலம்தானே? தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமா? போனில் பேசினால் பாதி நேரம் "கேட்குதா, கேட்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. இது எடுத்துவைத்துத் திரும்பப் படிக்கவேண்டிய விஷயம், அதனால் கடிதம்.

முதலில் நம் 77 பேட்ச் செய்திகள். திருச்சிக்காரனுக்கு இரண்டாவது முழங்காலும் மாற்றியாயிற்று. கைத்தடியோடு நடக்கிறான், சம்மணம் போட மட்டும் தடை. கோவையில் ஒருவனுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. பேப்பர் படிக்க இன்னும் கண்ணாடி வேண்டியிருக்கிறதே என்று டாக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறான். மோனோஃபோகல் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும், அதை முன்பே கேட்டிருக்க வேண்டியவன் அவன்தான். மெஸ் செக்ரட்டரி மகனோடு டல்லாஸில். 2027 பொன்விழாவுக்கு ஊட்டி என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களை மலையேற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சமதளம், லிஃப்ட், அறைக்கு அறை வெஸ்டர்ன் டாய்லெட், மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. இந்த நாலும் அமைந்தால் எந்த ஊரானாலும் சரி.

நம் பேட்ச் 'டிராஃப்டர்' இறந்துபோன செய்தி உனக்குத் தெரியும். அவன் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு இன்னும் அலைகிறார். காரணம் இனிஷியல். பி.பி.ஓ.வில், அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையில், அவர் பெயர் அப்பா இனிஷியலோடு இருக்கிறது. ஆதாரில் பின்னால் கணவர் பெயர். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது. பாஸ்புக்கில் இனிஷியலே கிடையாது. போதாததற்கு ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு பெண்மணிகள்.

இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கு. தங்கச்சியின் ஆதார், பான், பாஸ்புக், பள்ளிச் சான்று, உன் பி.பி.ஓ. ஐந்தையும் மேஜையில் பரப்பி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடு. லட்சுமிக்கு 'எக்ஸ்' போட்டிருக்கிறதா 'கே எஸ் எச்' போட்டிருக்கிறதா, 'டி'க்குப் பின்னால் 'எச்' உண்டா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில்தான் சிக்குகிறது. பிறந்த தேதியையும் பார். பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி காலியாக விட்டிருப்பது நிறைய நடக்கிறது. அது இல்லாவிட்டால் 80 வயதில் கூடவேண்டிய 20 சதவீதம் தானாகக் கூடாது.

எதைத் திருத்துவது என்பதில் அவசரப்படாதே. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. பி.பி.ஓ.வும் பள்ளிச் சான்றும் ஒத்துப்போனால் ஆதாரை அதற்கு இழு. 75 ரூபாய்தான் கட்டணம். பான், பாஸ்புக்கை எல்லாம் பிறகு ஆதாரைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பி.பி.ஓ.விலேயே தப்பு என்றால் நீ கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுது. அங்கிருந்து சம்பளக் கணக்கு அலுவலகம், பிறகு டில்லியில் மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், அதன்பின் வங்கி. மாதக்கணக்கில் ஆகும். ஆனால் இன்று உன் ஒரு கையெழுத்தில் நகர்கிற காகிதத்துக்கு, நீ இல்லாதபோது பிரமாணப் பத்திரம், எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்கிற 'ஒன் அண்ட் தி சேம்' சர்ட்டிபிகேட், நோட்டரி என்று தங்கச்சிதான் ஓடவேண்டும்.

பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா? பாஸ்புக் முதல் பக்கத்தில் 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாரும், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்) என்று அச்சாகியிருக்க வேண்டும். அப்படியிருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்குப் புதுக் கணக்கு திறக்கவேண்டியதில்லை. உன் ஏ.டி.எம். கார்டின் பின் நம்பர் தங்கச்சிக்குத் தெரியும் என்பது ஏற்பாடு ஆகாது; அவர் பெயரில் தனிக் கார்டு வாங்கு.

தொகையையும் அவரிடம் சொல்லிவை. மத்திய அரசுக் கணக்குப்படி, ஓய்வு பெற்றவர் 67 வயதைத் தாண்டிவிட்டால் மனைவிக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். உன் அடிப்படை ஓய்வூதியம் 50,000, அதாவது கடைசிச் சம்பளம் ஒரு லட்சம் என்றால் அவருக்கு 30,000, மேலே அகவிலைப்படி. சம்பளத்தில் பாதி வரும் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். அது ஓய்வு பெற்றவருக்கு 67 ஆகியிருக்கும் நாள் வரைக்குமான, அதுவும் அவர் இறந்து ஏழு வருஷத்துக்குள்ளான கணக்கு. இன்னொன்று, ஓய்வூதியம் இறந்த நாள் வரைதான். அதற்குப் பிறகு வங்கிக்குச் சொல்லாமல் கணக்கில் விழுந்ததை எடுத்துச் செலவழித்தால், பின்னால் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்துவிடுவார்கள்.

நவம்பர் வந்துவிட்டது, உயிர்வாழ் சான்று கொடுத்தாயா? விரல் ரேகை தேய்ந்துபோன நமக்கு முகம் காட்டுகிற ஆப்தான் வசதி. ரொம்பப் பழசாகாத ஆண்ட்ராய்டு போன் வேண்டும். 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி.', 'ஜீவன் பிரமாண் ஃபேஸ்' இரண்டையும் இறக்கு. முதலில் 'ஆபரேட்டர்' என்று கேட்கும். அங்கேதான் பலர் மூடிவிட்டு எழுந்துபோகிறார்கள். ஆபரேட்டர் நீயேதான், உன் ஆதாரையே கொடு. பிறகு ஓய்வூதியர் என்று அதே ஆதாரை மறுபடி கொடுத்து, பி.பி.ஓ. எண், கணக்கு எண், பணம் வழங்கும் வங்கி எல்லாவற்றையும் நிரப்பு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே, முகம் இருண்டுவிடும். கண்ணாடியைக் கழற்று. கண் சிமிட்டச் சொல்லும், மெதுவாகச் சிமிட்டினால் போதும். மெசேஜில் பிரமாண் ஐ.டி. வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதே. பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் வங்கி நிராகரிக்கும், அது தெரியாமலே பென்ஷன் நின்றுபோகும். பத்து நாள் கழித்து அதே ஐ.டி.யைப் போட்டு ஏற்றார்களா என்று பார். இதெல்லாம் ஆகாது என்றால் தபால்காரரைக் கூப்பிடு, 70 ரூபாய்க்கு வீட்டிலேயே எடுத்துக்கொடுப்பார்.

வைப்புத்தொகைக்கு நாமினி ஒவ்வொரு ரசீதுக்கும் தனி. சேமிப்புக் கணக்கில் போட்டது எஃப்.டி.க்குச் செல்லாது. 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரை சதவீதம் பிரித்தே போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். அதற்கு உயில் வேண்டும். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி கட்டாயம். சாட்சிக்கு நம் பேட்ச் ஆட்களைப் போட்டுவிடாதே! தகராறு வந்தால் கோர்ட்டில் சாட்சி வந்து சொல்லவேண்டும், அன்றைக்கு அவனும் இருக்கவேண்டுமே. நாற்பது வயதுக்காரர் இருவரைப் பிடி, சொத்தில் பங்கு வருகிறவராக இருக்கவேண்டாம்.

தங்கச்சியின் பெயர் எந்தெந்தக் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பு. பொன்விழாவுக்கு எந்த மாதம் தோதுப்படும் என்றும் சொல். ஜனவரி என்பது என் ஓட்டு.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சு

பி.கு. குரூப்பிலிருந்து டிராஃப்டரின் நம்பரை யாரும் எடுக்கவேண்டாம். ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது, பேசாமலும் ரீசார்ஜ் செய்யாமலும் தொண்ணூறு நாள் கிடந்தால் சிம் போய்விடும் என்று அவன் மனைவி ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறார். ராத்திரியில் அவன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டினால் பயந்துவிடாதே.