ஜெனீவாவிலிருந்து குமரேசனுக்கு

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மருமகளை ரொம்ப விசாரித்ததாகச் சொல். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி படிக்க முடிகிறது. மகள் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன்.

ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசி என்னத்தைக் கண்டார்கள் என்று கேட்டிருந்தாய். பேச்சையே ஆரம்பிக்க விடாமல் வைத்திருக்கிறார்கள் குமரேசா, அதுதான் என் ஆற்றாமை.

போன வாரம் ஐ.நா. மாளிகையைச் சுற்றிப் பார்த்தோம். ஆயுதக் குறைப்பு மாநாடு காலங்காலமாகக் கூடிவந்த கவுன்சில் அறையில், ஸ்பானிய ஓவியர் ஹோசே மரியா செர்ட் 1930-களில் தீட்டிய ஓவியங்கள் சுவர் முழுக்கப் பொன்னும் பழுப்புமாக நிறைந்திருக்கின்றன. கூரையில் ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஐந்து பெரிய கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. 1992-இல் ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்த மாநாடு இது. 1996-இல் அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தை விளிம்புவரை கொண்டுவந்தது. அதன்பிறகு ஒன்றுகூட இல்லை.

1996-இல் குறுக்கே நின்றது நாம்தான். அணுகுண்டு வைத்திருப்பவர்கள் அதை ஒழிக்கக் காலக்கெடு சொல்லவில்லை என்று நம் தூதர் அருந்ததி கோஷ் வாதாடினார். அதில் நியாயம் இருந்ததாகவே இன்றும் நினைக்கிறேன். இப்போது 65 நாடுகள் இருக்கும் அந்த மாநாட்டில் ஒன்று மறுத்தாலும் முடிவு கிடையாது. ஆகவே ஆஸ்திரேலியா அந்த ஒப்பந்த வாசகத்தை நியூயார்க்கில் பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. செப்டம்பர் 10 அன்று 158 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, பூடான், லிபியா மூன்றும் எதிர்த்தன. அந்த ஒப்பந்தம் இன்றுவரை அமலுக்கு வரவில்லை. 2023-இல் ரஷ்யா தன் ஒப்புதலையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடுத்து வந்திருக்க வேண்டியது, குண்டுக்கான புளூட்டோனியமும் உயர்செறிவு யுரேனியமும் தயாரிப்பதை நிறுத்தும் ஒப்பந்தம். ஒரு குண்டுக்கு 8 கிலோ புளூட்டோனியம் என்று கணக்கு வைத்துத்தான் சர்வதேச அணுசக்தி முகமை கண்காணிக்கிறது. கனமான உலோகம், ஒரு சின்னச் சொம்புக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்னதைத் தயாரித்த பிறகு தேடுவதைவிடத் தயாரிக்காமல் தடுப்பது எத்தனையோ மேல். 1993-லேயே பொதுச்சபை இதைக் கேட்டது. 1995-இல் கனடா தூதர் ஜெரால்ட் ஷானன் எதைப் பற்றிப் பேசுவது என்ற ஒரு வரையறைக்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். ஏற்கெனவே இருக்கும் கையிருப்பும் இதில் அடங்குமா என்பதைப் பேச்சுவார்த்தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் அது நடந்தது. விட்ட இடத்திலேயே வண்டி நின்றும் போனது.

2009 மே 29 அன்று, இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கான மாநாட்டின் வேலைத்திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் கட்டத்தில் பாகிஸ்தான் மறித்தது. கையிருப்பைத் தொடாமல் உற்பத்தியை மட்டும் நிறுத்தினால் இந்தியா எப்போதும் முன்னால்தான் நிற்கும் என்பது அவர்கள் பயம். 2008-இல் நமக்கு அணுசக்தி வர்த்தகச் சலுகை கிடைத்த பிறகு, வெளிநாட்டு யுரேனியத்தை மின்சாரத்துக்கு வைத்துக்கொண்டு உள்நாட்டு யுரேனியத்தைக் குண்டுக்குத் திருப்பலாமே என்கிறார்கள். அந்தப் பயத்தைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. அவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தப்பு. இந்த ஒப்பந்தத்தை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று சரிபார்க்கவே முடியாது என்று 2004-இல் அமெரிக்கா சொன்னபோது எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

பயம் இருப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டிய இடம் பேச்சுவார்த்தை மேசை. கடைசியில் கையெழுத்துப் போட மறுக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது, 1996-இல் நாமே அதைத்தான் செய்தோம். அப்படியிருக்க, உட்காரவே விடமாட்டேன் என்று சொல்லும் உரிமை எதற்கு? முடிவுக்கு ஒருமித்த சம்மதம் வேண்டும், சரி. ஆரம்பிப்பதற்கும் வேண்டும் என்பதை எடுத்தாக வேண்டும். பெரும்பான்மை போதும் என்று வைத்தால் போதும்.

வெளியே போய்ப் பேசலாமே என்பாய். கண்ணிவெடித் தடையை 1997-இல் அப்படித்தான் முடித்தார்கள். 2017-இல் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தையே நிறைவேற்றின. அதை நான் மனதார மதிக்கிறேன், ஆனால் குண்டு வைத்திருக்கும் ஒரு நாடுகூட அந்த அறைக்கு வரவில்லை. புளூட்டோனியம் தயாரிப்பவர்கள் உட்காராமல் இந்த ஒப்பந்தத்தை எழுதிப் பயனில்லை. தில்லி ஷானன் வரையறையை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கையிருப்பைப் பற்றியும் பேசத் தயார் என்று ஒரு வார்த்தை சேர்த்தால், இஸ்லாமாபாத்தின் வாதத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். இதை நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், எழுது, சண்டை போடலாம்.

அருந்ததி கோஷ் பேச்சு வந்த அந்த நாள் பேப்பரை வெட்டி வைத்திருந்தாயே, பரணில் கிடந்தால் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சிவராமன்