எலனோர் பவல் யாருக்கு ஜோடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாலிவுட் நடன நட்சத்திரங்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், எலனோர் பவலை 'ஃபிரெட் அஸ்டயரின் ஜோடி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இருவரும் சேர்ந்து நடித்தது ஒரே ஒரு படம்தான்: 'பிராட்வே மெலடி ஆஃப் 1940'. அஸ்டயரோடு பத்துப் படங்களில் நடித்தவர் ஜிஞ்சர் ராஜர்ஸ்.

பவல் தனியாட்டக்காரர். எம்.ஜி.எம். படநிறுவனம் அவருக்குக் கொடுத்த நாயகர்கள் ராபர்ட் டெய்லர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நெல்சன் எடி. காலணியின் உலோகத் தகட்டால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டேப் நடனத்துக்கும் இவர்களுக்கும் வெகுதூரம். காதல் வசனமெல்லாம் அவர்களோடு. ஆட்டம் என்று வந்தால் பவல் தனி. 'லேடி பி குட்' (1941) படத்தில் அவரோடு ஆடுவது ஒரு நாய். அதைப் பழக்கியதும் அவரே. 'ஷிப் அஹோய்' (1942) படத்திலோ தந்திக்குப் பயன்படும் மோர்ஸ் குறியீட்டுச் செய்தியைக் காலாலேயே தட்டி அனுப்புகிறார்.

பாலேவும் அக்ரோபாட்டிக்ஸும் பயின்ற உடம்பு அவருடையது. மேலே எழும்பத்தான் பார்க்கும். டேப்புக்கு அது ஆகாது. கால் தரையிலிருந்து அதிகம் உயர்ந்தால் அடுத்த தட்டு பிந்தும். வேகம் கூடும்போது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதனால் ஆசிரியர் ஜாக் டோனஹ்யூ, இடுப்புப் பட்டையின் இருபுறமும் மணல் பைகளைத் தொங்கவிட்டுப் பழக்கினார். அந்தப் பத்து வகுப்புகளில் படிந்ததுதான் தரையை ஒட்டியே ஓடும் அவரது கால்வேலை. உடம்பு பின்னால் வில்லாக வளைந்திருக்கும்போதும் கீழே ஒரு தட்டுகூட மங்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலப் படங்களில் நாம் கேட்கும் டேப் ஒலி பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவானது அல்ல. அங்கே பாட்டை ஒலிக்கவிட்டு ஆடுவார்கள். பிறகு திரையைப் பார்த்தபடி மரப்பலகை மேல் அதே அடிகளை மறுபடி தட்டிப் பதிவார்கள். ஒரு தட்டு தவறினாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அஸ்டயரோடு நடித்த அந்த 1940 படத்தின் 'பிகின் தி பிகீன்' நடனத்தில் வாத்தியங்கள் நின்று கால்கள் மட்டும் பேசும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். நால்வகைத் தாளவாத்தியம் கூடினாலும் அந்தச் சுத்தம் வராது என்பேன்.

1943-இல் நடிகர் கிளென் ஃபோர்டை மணந்தபின் அவர் படங்கள் அருகின. 1950-இல் 'டச்சஸ் ஆஃப் ஐடஹோ'வில் சிறு தோற்றம். 1959-இல் மணமுறிவு, 1961-இல் 48 வயதில் மீண்டும் மேடை ஏறினார். இணையப் பதிப்பிலாவது அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.

– வாசகர், திருச்சி