அபர்ஹார்ட்: 25 டாலர் மட்டும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசியலுக்கு வந்த ஆசிரியர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண முதல்வராக இருந்த வில்லியம் அபர்ஹார்ட்டை, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் தருவதாகச் சொல்லி ஏமாற்றியவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்தப் பணத்தை அவரால் தர முடியவில்லை என்பது உண்மைதான். நாணயமும் வங்கியும் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால் அவருடைய திட்டம் சட்டத்தின் முன் நிற்கவில்லை. ஆயினும், கால்கரியில் ஆசிரியராகப் பணிபுரியும் எனக்கு, அவர் கல்விக்குச் செய்தவை விடுபட்டுப்போனது மிகுந்த வருத்தமளிக்கிறது.

1915 முதல் 20 ஆண்டுகள் இந்நகரின் கிரசன்ட் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். 1925இலிருந்து வானொலியில் விவிலியம் போதித்து வந்ததால், 1935 தேர்தலில் அவருடைய கட்சி 63 இடங்களில் 56 இடங்களை வெல்வதற்கு வெகுமுன்பே அவருடைய குரல் சிற்றூர் வீடுகளுக்குப் பழகியிருந்தது. முதல்வரானதும் கல்வித் துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்து வாட்டிய அக்காலத்தில், வரி வசூலாகாத சின்னஞ்சிறு பள்ளி வட்டாரங்கள் பல, தங்கள் ஓராசிரியர் பள்ளிகளில் கற்பித்தவர்களுக்குச் சம்பளம்கூடத் தர இயலாமல் பாக்கி வைத்திருந்தன. அவற்றைப் பெரிய பிரிவுகளாக இணைக்க 1936இல் சட்டம் இயற்றி, ஊர்ப்புறங்களில் எழுந்த எதிர்ப்பையும் மீறி நடைமுறைப்படுத்தினார். ஆல்பர்ட்டா ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராவது கட்டாயமாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதுவரை ஊர்ப் பள்ளிக் குழுவின் முன் தனியாக நின்று சம்பளம் கேட்டவர்களுக்கு அது எத்தகைய பலம் என்பதை, இன்று அச்சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நான் நன்கறிவேன்.

அவரைக் குறையற்றவர் என்று வாதிட நான் வரவில்லை. அரசு தரும் விளக்கத்தை நாளிதழ்கள் வெளியிட்டாக வேண்டும், கேட்டால் செய்தி தந்தவரின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்று 1937இல் அவருடைய அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. மறுபேச்சைப் பொறுக்காத தலைமையாசிரியரின் கண்டிப்பை அவர் சட்டமன்றத்துக்கும் எடுத்துச் சென்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் கற்பிப்பவரையும் பத்திரிகை நடத்துபவரையும் ஆசிரியர் என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நமக்கு இது கூடுதலாகவே உறுத்தும். 1938இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அம்மசோதா செல்லாது என்றது. அதை எதிர்த்துப் போராடிய எட்மன்டன் ஜர்னல் நாளிதழுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது.

கட்டுரையாளர் அவரிடம் குறை காண விரும்பியிருந்தால், கைக்கு வராத 25 டாலரைவிட இந்த மசோதாவையே முதலில் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிகளுக்கு அவர் செய்ததையும் உடன் எழுதியிருக்க வேண்டும். இக்கடிதத்தை வெளியிட்டு அக்குறையை நீக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
கால்கரி, கனடா